கடைகள் கூட்டுச் சேர்ந்து தரும் இலவச கேம்: வன்னியில் எது கைக்கு எட்டும்?

"இலவசம்" என்ற சொல்லுக்கு ரொறன்ரோவில் ஒரு விலை, ஒட்டுசுட்டானில் இன்னொரு விலை. அங்கே கேமைத் திறக்கும் குறியீடான கோட்டைப் (code) போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்து முடிக்கும் முன்னமே கேம் ஓடத் தொடங்கிவிடும். இங்கே அதே கேமுக்கு வெளிநாட்டுக்குக் காசு கட்டக்கூடிய காட் வேண்டும், நாலைந்து இரவுக்கு டேட்டா வேண்டும், இறக்கி முடியும்வரை கரண்டும் நிற்கவேண்டும். ஆகவே ஒரு கேம் கடை இன்னொரு நிறுவனத்தோடு கூட்டுச் சேரும்போது வெளிநாட்டு கேமர்கள் எதற்குக் கொதிக்கிறார்கள், எதற்குத் துள்ளுகிறார்கள் என்பதை வைத்து மட்டும் நாங்கள் முடிவெடுக்க ஏலாது. அவர்கள் திட்டித் தீர்த்த சில கூட்டு இங்கே உறைப்பதே இல்லை. அவர்கள் வரிசையில் நின்று வாங்கிய சில, இங்கே கோட் ஆகவே கிடந்து காலாவதியாகும்.

முதலில் ஒரு கணக்கு. கிளிநொச்சி டவுனுக்கு வெளியே 4ஜி ரவுட்டரில் 10 எம்பிபிஎஸ் நிலையாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீம் என்ற கேம் கடையின் திரையில் அது செக்கனுக்கு 1.25 எம்பியாகத்தான் தெரியும், எட்டால் பிரித்துப் பார்க்கவேண்டும். இரவு டேட்டாவில் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஓடவிட்டால் 27 ஜிபி. இந்த 27ஐ நினைவில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

எபிக் + டிஸ்கோர்ட்: காட் இல்லாதவனுக்குக் கதவு இல்லை

2021இல் எபிக் என்ற கேம் கடை, டிஸ்கோர்ட் என்ற அரட்டைச் செயலியோடு சேர்ந்து, அதன் கட்டணச் சந்தாவான நைட்ரோவை மூன்று மாதத்துக்கு இலவசமாகக் கொடுத்தது. முதல் முணுமுணுப்பு ஏற்கெனவே காசு கட்டி நைட்ரோ வைத்திருந்தவர்களிடமிருந்து வந்தது: புதியவர்களுக்கு மட்டும்தானாம். விசுவாசமாக இருந்தவனுக்கு ஒன்றும் இல்லை, எட்டிப் பார்த்தவனுக்குப் பரிசு. நியாயமான கோபம். இரண்டாவது குறை, சும்மா எடுக்கவும் காட் விபரம் கொடுக்கவேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் மாதம் 9.99 டொலர் தானாக வெட்டப்படும்.

வன்னியில் இரண்டாவதுதான் பெரிய விஷயம். பல பொடியளின் டெபிட் காட்டில் ஒன்லைன் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்துவிடப்பட்டிருக்காது, வங்கியில் கேட்டுத் திறப்பிக்கவேண்டும். திறந்தாலும் வெட்டப்படுவது டொலரில். ரூபாயில் எவ்வளவு என்பதை அன்றைய வங்கி மாற்றுவீதம் சொல்லும். இப்படியான சலுகையை எடுத்தே தீரவேண்டும் என்றால், எடுத்த அதே நாளில் சந்தாப் பக்கத்துக்குப் போய் இரத்துச் செய்யுங்கள். இலவசக் காலம் முடியும்வரை வழமையாக வேலை செய்யும். தொண்ணூறாவது நாள் ஞாபகம் வரும் என்று நம்பி இருக்கவேண்டாம்.

இன்னொரு பக்க விளைவும் இருந்தது. எபிக்கைத் தொடர்ந்து "ஸ்டீமும் நைட்ரோ தருகிறது" என்று போலி லிங்குகள் பரவின. அமத்தினால் ஸ்டீம் லொகின் ஜன்னல் மாதிரி ஒன்று திறக்கும், முகவரிப் பட்டைகூடச் சரியாக எழுதியிருக்கும். அது உண்மையான ஜன்னல் இல்லை, பக்கத்துக்குள்ளேயே கீறிய படம். பிடிப்பது சுலபம்: அந்த ஜன்னலின் தலைப்பைப் பிடித்து பிரவுசரின் ஓரத்துக்கு வெளியே இழுங்கள். உண்மையானது வெளியே வரும். கீறியது ஓரத்தில் முட்டி நிற்கும்.

மூன்று மாதத்துக்குப் பிறகு கையில் மிஞ்சுவது? ஒன்றுமில்லை. எனவே இந்தப் பட்டியலில் இதற்குக் கடைசி இடம்.

கிராபிக்ஸ் காட் + கேம்: பெட்டியில் இருக்கும், கைக்கு வராது

2023இல் ஏஎம்டி தன் ரேடியோன் கிராபிக்ஸ் காட்களோடு (கணினியில் படத்தைக் காட்டும் பாகம்) ஸ்டார்ஃபீல்ட் கேமைக் கொடுத்தது. வெளிநாட்டில் எழுந்த சண்டை தொழில்நுட்பம் சார்ந்தது. போட்டி நிறுவனமான என்விடியாவின், கேமை வேகமாக ஓட வைக்கும் டிஎல்எஸ்எஸ் வசதி கேம் வெளிவந்தபோது அதில் இல்லை. கூட்டுக்காகத்தான் அதைத் தடுத்தார்களா என்று கேட்டுத் துளைத்தார்கள். தாங்கள் தடுக்கவில்லை என்றது ஏஎம்டி. மொட் செய்பவர்கள் (கேமைத் தாங்களாகவே மாற்றி அமைப்பவர்கள்) உடனேயே அதைச் சேர்த்துக் காட்டினார்கள், அதிகாரபூர்வமாக வந்தது நவம்பரில்.

எங்களுக்கு இந்தச் சண்டை மூன்றாம் பட்சம். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ காட் வாங்கி பஸ்ஸில் கொண்டுவருபவர் கேட்கவேண்டிய கேள்வி வேறு. அந்தக் கடை சலுகையில் பங்கெடுக்கும் விற்பனையாளரா? பில்லில் இருக்கும் திகதி சலுகைக் காலத்துக்குள் வருகிறதா? இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் கோட் கிடைக்காது. பழைய காட்டுக்குப் பேச்சே இல்லை. கோட் கிடைத்தாலும், அந்தக் காட் உண்மையிலேயே பூட்டப்பட்ட கணினியில் இருந்துதான் அதைப் பதியவேண்டும். வன்பொருளைச் சோதித்துவிட்டுத்தான் ஏற்கும். போனில் பதியலாம் என்று நினைத்துப் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தால் கெடுதிகதி போய்விடும்.

இவ்வளவும் தாண்டினால், ஸ்டார்ஃபீல்ட் கேட்ட இடம் 125 ஜிபி, அதுவும் வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டியில். எங்கள் கணக்கில் ஐந்து இரவு. காட் வாங்கும் எண்ணம் எப்படியும் இருந்தால் நல்ல சலுகைதான். கேமுக்காகக் காட் வாங்குவது மாட்டுக்காரன் மணிக்காக மாடு வாங்கின கதை.

எபிக்கின் வாராந்த கேம்: திட்டு வாங்கினாலும் உதவுவது

எபிக் மேல் கேமர்களுக்கு இருக்கும் கோபத்தின் வேர் 2019. மெட்ரோ எக்ஸொடஸ் என்ற கேம் ஸ்டீமில் முன்பதிவுக்கு இருந்தது. வெளிவர மூன்று கிழமைக்கும் குறைவான காலம் இருக்கும்போது எபிக்குக்கு மட்டும் என்று மாறியது. முன்பதிவு செய்தவர்களுக்கு ஸ்டீமிலேயே கிடைத்தது, ஆனாலும் பழைய மெட்ரோ கேம்களின் பக்கங்களில் போய் மோசமான மதிப்புரைகளை அள்ளிக் கொட்டினார்கள். ஃபீனிக்ஸ் பொயின்ட் என்ற கேமின் விஷயம் இன்னும் கசப்பு: ஸ்டீம் அல்லது ஜிஓஜி என்ற இன்னொரு கடையின் கோட் தருகிறோம் என்று பொதுமக்களிடம் காசு சேர்த்துவிட்டு எபிக்கோடு கைகோர்த்தார்கள், காசைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது.

அதே எபிக் கிழமைக்கு ஒரு கேமாவது சும்மா தருகிறது. இது தர்மம் இல்லை. அப்பிளோடு நடந்த வழக்கில் 2021இல் வெளிவந்த ஆவணங்களின்படி, முதல் ஒன்பது மாத இலவச கேம்களுக்கு எபிக் வெளியீட்டாளர்களுக்குக் கட்டியது 11.6 மில்லியன் டொலர். சப்நோட்டிகா ஒன்றுக்கே 1.4 மில்லியன். வாங்கியது கேம் இல்லை, ஆட்களை. தெரிந்துகொண்டே எடுப்பதில் பிழையில்லை.

வன்னிக்கு இதில் இருக்கும் நன்மை, காட் தேவையில்லை என்பது. வியாழன் இரவு 8.30க்குப் புதிய கேம் மாறும். அமெரிக்காவில் குளிர்கால நேரம் என்றால் 9.30. போன் பிரவுசரிலேயே போய் எடுத்துவைக்கலாம், சில எம்பி மட்டுமே போகும். இறக்குவது அடுத்த வருடமாகவும் இருக்கலாம். 2020 மே மாதம் ஜிடிஏ 5 கொடுத்தபோது எபிக் தளமே பல மணித்தியாலம் விழுந்து கிடந்தது, எல்லோரும் முதல் நாளே பாய்ந்ததால். ஒரு கிழமை அவகாசம் இருந்தது. மூன்றாம் நாள் போனவர்கள் ஆறுதலாக எடுத்தார்கள். ஆனால் அது 90 ஜிபிக்கு மேல், எங்களுக்கு நாலு இரவு.

ஒருவர் இறக்கிவிட்டால் அதே கேமைத் தன் கணக்கில் எடுத்துவைத்திருக்கும் மற்றவர் மறுபடி இறக்கத் தேவையில்லை. கேம் போல்டரை வெளி ஹார்ட் டிஸ்கில் கொப்பி பண்ணுங்கள். இரண்டாவது கணினியில் அதே கேமை இன்ஸ்டோல் பண்ணத் தொடங்கி, 2 அல்லது 3 வீதம் வந்ததும் நிறுத்தி, எபிக் செயலியான லோஞ்சரை முழுதாக மூடுங்கள். கொண்டுவந்த போல்டரை அதன் மேல் ஒட்டிவிட்டு மறுபடி தொடங்கினால் இருப்பதைச் சரிபார்த்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் இறக்கும். இங்கே வழமையாகப் பிழைப்பது டிஸ்க். எஃப்ஏடி32 முறையில் போர்மட் பண்ணியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனி ஃபைலை ஏற்காது. டிஸ்கில் 200 ஜிபி காலியாக இருந்தாலும் "ஃபைல் மிகப் பெரிது" என்று சொல்லும். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் சரி, மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும். ஸ்டீமில் இந்தப் பாடே இல்லை: 2023 பெப்ரவரியில் இருந்து ஒரே ரவுட்டரில் உள்ள இரண்டு கணினிகள் தங்களுக்குள்ளேயே கேமைக் கைமாற்றும், நெட் டேட்டா போகாது.

ஜிஓஜி கோட்: சந்தடி இல்லாத வெற்றி

அமேசன் பிரைம் சந்தாவோடு மாதாமாதம் வரும் கேம்களில் ஒரு பகுதி ஜிஓஜி கோட்களாக வருகிறது. பிரைம் கேமிங் என்ற பெயரில் இருந்தது 2025இல் அமேசனின் இன்னொரு கேம் சேவையான லூனாவுக்குள் போய்விட்டது. வெளிநாட்டில் இதைப் பற்றிப் பெரிய ஆரவாரம் இல்லை, "பழைய கேம்தானே" என்று தள்ளிவிடுவார்கள். பிரைம் சந்தாவை இதற்காக மட்டும் எடுக்கச் சொல்லமாட்டோம், அதற்கும் காட் வேண்டும். சந்தா ஏற்கெனவே இருந்தால் விடக்கூடாது. இல்லாவிட்டால் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மாமா ஜிஓஜியில் பரிசாக வாங்கி ஈமெயிலுக்கு அனுப்பலாம். 5 டொலர் கேம் ஒன்று, பிறந்தநாள் காசை அனுப்புவதை விடச் சுலபம்.

இதை வெற்றி என்பதற்குக் காரணம் கோட்டில் இல்லை, அதற்குப் பின்னால் கிடைப்பதில் இருக்கிறது. ஜிஓஜி கேமுக்குப் பூட்டு இல்லை. ஒரு செட்அப் ஃபைல், பெரிய கேம் என்றால் கூடவே 1, 2, 3 என்று இலக்கமிட்ட பின் (.bin) ஃபைல்கள். ஒவ்வொன்றும் 4 ஜிபிக்கு உட்பட்டது, ஆகவே பழைய பென்டிரைவிலும் ஏறும். எல்லாம் ஒரே போல்டரில் இருக்கவேண்டும், பெயரை மாற்றக்கூடாது. முள்ளியவளையில் நெட் இல்லாத வீட்டிலும் இன்ஸ்டோல் ஆகும், லொகின் கேட்காது. கேம் வேலை செய்யவில்லை என்றால், காசு கட்டி வாங்கியதற்கு 30 நாள் வரை திருப்பிக் கேட்கலாம், விளையாடியிருந்தாலும். ஸ்டீமிலும் எபிக்கிலும் 14 நாள், இரண்டு மணித்தியாலத்துக்கு உட்பட்ட விளையாட்டு.

பிழைப்பது ஓரிடத்தில். பிரவுசரில் இறக்கும்போது கரண்ட் போனால் அந்தப் பகுதி அரைகுறையாக நிற்கும். ஜிஓஜியின் கலக்ஸி செயலியில் கேமின் மேலதிகப் பகுதிக்குள் போய் ஒஃப்லைன் இன்ஸ்டோலரை இறக்குங்கள், விட்ட இடத்தில் தொடரும். இன்ஸ்டோல் நடுவில் ஃபைல் பழுது என்று சொன்னால் முழுவதையும் அழிக்கவேண்டாம். எந்த இலக்கத்தில் நின்றதோ அந்தப் பின் ஃபைலை மட்டும் மறுபடி இறக்கினால் போதும்.

ஹம்பிள் பண்டில்

இதற்கு அதிகம் எழுதத் தேவையில்லை. பல கேம்களைக் கட்டாகச் சேர்த்து விற்கும் கடை; தர்ம நிறுவனங்களோடு கூட்டு, பெரும்பாலும் ஸ்டீம் கோட். 2021இல் வாடிக்கையாளர் தன் காசு முழுவதையும் தர்மத்துக்கு ஒதுக்கும் வசதியை வெட்டப் போய் நல்லாகத் திட்டு வாங்கினார்கள். கடைசியில் ஹம்பிளுக்கு 15 முதல் 30 வீதமாவது போகும் என்ற இடத்தில் நின்றது. வாங்க முன், அந்தக் கோட் இலங்கையில் வேலை செய்யுமா என்று கேமின் பெயருக்குக் கீழே உள்ள நாட்டுக் குறிப்பைப் பாருங்கள். ஸ்டீமில் அதே கேமின் விலையையும் ஒருக்கால் பாருங்கள்: இலங்கை அங்கே தெற்காசிய டொலர் விலைப் பகுதிக்குள் வருகிறது, விலையை அப்படிக் குறைத்து வைத்த வெளியீட்டாளர் என்றால் பண்டிலை விடத் தனியாக வாங்குவது மலிவாகலாம்.

கணினி இல்லாமல் கொமினிகேசன் கடைக் கணினியில் இருந்து எடுப்பவர்களுக்கு: பிரவுசரைத் தனிப்பட்ட ஜன்னலில் திறவுங்கள், பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரட்டைச் சரிபார்ப்பை எஸ்எம்எஸ்ஸில் வைக்காமல் போன் செயலியில் வையுங்கள். அது தரும் மாற்றுக் குறியீடுகளை ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் வையுங்கள். போன் கிணற்றுக்குள் விழுந்தால் கணக்கைத் திறக்க அந்தக் கொப்பிதான் இருக்கும்.