கொழுக்கட்டைப் புல்லை இனம் காட்டும் மடக்கு லென்ஸ்: ஒரு மதிப்பீடு

உலோக உறைக்குள் மடங்கி நுழையும் சிறிய கண்ணாடி லென்ஸ் ஒன்றை இராமநாதபுரத்தில் வாங்கி, உச்சிப்புளி, மண்டபம் பக்கத்து மணற்காடுகளில் புல் பார்க்கப் பயன்படுத்தி வருகிறேன். மேய்ச்சலுக்குப் புல் விதைப்பவர்களும், கடலோர விடுதிகளுக்குத் தோட்டம் அமைத்துத் தருபவர்களும் இதை வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் உறையின் மேல் பொறித்திருப்பதை நம்பி வாங்க வேண்டாம்.

அதில் 30 மடங்கு என்று போட்டிருக்கிறது; அது உண்மையல்ல. எதிரேயுள்ள சன்னலின் உருவம் வெள்ளைத்தாளில் தெளிவாக விழும்வரை லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, தாளுக்கும் லென்ஸுக்கும் இடையிலான தூரத்தை அளந்தால் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் வருகிறது. 250-ஐ அந்தத் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் 10 மடங்குதான் இதன் மெய்யான பெருக்கம். உண்மையில் 30 மடங்காக இருந்திருந்தால் கதிரைக் கண்ணாடிக்கு 8 மில்லிமீட்டர் அருகே பிடிக்க வேண்டியிருக்கும். கடற்காற்றில் ஆடும் புல்லை அப்படிப் பிடித்துப் பார்ப்பது நடவாத காரியம். புல் ஆராய்ச்சிக்கு 10 மடங்கே போதும். ஆகவே குறை பொறிப்பில்தான், பொருளில் அல்ல.

இந்த லென்ஸின் அருமை கொழுக்கட்டைப் புல்லில் தெரிகிறது. அந்தப் பெயரில் நம் பக்கம் விதையாக விற்பது பெரும்பாலும் சென்க்ரஸ் சிலியாரிஸ் என்ற அறிவியல் பெயர் கொண்ட இனம். அதற்கு நெருங்கிய உறவான சென்க்ரஸ் செட்டிஜெரஸும் பல்லாண்டுப் புல்தான். கலந்து முளைத்தால் தூரத்திலிருந்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. கதிரிலிருந்து ஒரேயொரு மணியை உருவி உள்ளங்கையில் வைத்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கையை மெல்ல உயர்த்திப் பாருங்கள். சிலியாரிஸில் மணியைச் சூழ்ந்த முள்மயிர்கள் நீண்டு வளைந்திருக்கும்; உள்வரிசை மயிர்களின் கீழ்ப்பாதியில் இருபுறமும் மெல்லிய பஞ்சிழைகள் இறகுபோல் நிற்கும்; அடியில் மிகச் சிறிதளவே ஒன்றுசேர்ந்திருக்கும். செட்டிஜெரஸில் அந்த இழைகள் இல்லை. முள்மயிர்கள் குட்டையாகவும் விறைப்பாகவும் நின்று, அடிப்பகுதியில் ஒன்றாக இணைந்து ஒரு குழிந்த கிண்ணமாகவே ஆகிவிடுகின்றன. இந்தக் கிண்ணத்தை ஒருமுறை கண்ட கண் பிறகு ஏமாறாது.

மூன்றாவது உறவு சென்க்ரஸ் செட்டேசியஸ். நாற்றுப்பண்ணைகளில் அழகுக்காக விற்கும் நீரூற்றுப் புல் இதுதான். 2010-க்கு முன் இதைப் பென்னிசெட்டம் என்ற பேரினத்தில் வைத்திருந்ததால் பழைய பெயர்ப்பலகைகளில் இன்னும் அப்படியே இருக்கும். இதன் முள்மயிர்கள் அடிவரை தனித்தனியாகப் பிரிந்திருக்கும். மணிக்கொத்துக்கு மயிர் அடர்ந்த சிறு காம்பும் உண்டு. ஹவாய்த் தீவுகளின் வறண்ட எரிமலை நிலத்தில் பரவித் தீக்கு இரையாகும் காய்ந்த புதராக நிற்பது இதுவே. நம் கொழுக்கட்டைப் புல்லும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் சொனோரா பாலையிலும் அதே வேலையைச் செய்கிறது. இந்தியாவில் இயல்பாக வளரும் ஒரு தீவனப் புல், சொனோராவில் நெருப்புக்குப் பழகாத சகுவாரோ கள்ளிகளை எரித்துத் தீர்க்கிறது. தனுஷ்கோடி மணல்மேடுகளை இராவணன் மீசை என்னும் கடலோரப் புல் கட்டிக் காத்துக்கொண்டிருக்கும்போது, அதன் பக்கத்தில் விதை பிடிக்கும் நீரூற்றுப் புல்லை நட யாரும் துணியக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. செந்நிற இலை வகை பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. பச்சை இலை வகையைத்தான் அஞ்ச வேண்டும்.

இதே உறவைச் சேர்ந்த தீனாநாத் புல்லையும் மிஷன் புல்லையும் பிரிக்க மணியைவிடக் கதிர்த்தண்டு உதவுகிறது. மணிகளை உருவிவிட்டுத் தண்டைத் திருப்பிப் பார்த்தால், பல்லாண்டான மிஷன் புல்லில் மணி இருந்த ஒவ்வொரு தழும்பின் கீழும் விளிம்புபோல் மெல்லிய சிறகு இறங்கும். தீனாநாத்தில் அது இராது.

குறைகளும் உண்டு. உப்புக்காற்றில் திருகாணி விரைவில் துருப்பிடித்து மடக்க முடியாமல் இறுகியது. தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டபின் இளகியது. மணல் ஒட்டிய கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். விளிம்பில் உருவம் சற்று வளைந்து தெரிகிறது; நடுவில் தெளிவாக இருப்பதால் அது பெரிய இடையூறில்லை.

கதிர் வராத புல்லில் மட்டும் இந்த லென்ஸால் பயன் குறைவு. இலையும், அதன் அடியில் தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறையும் சேருமிடத்தில் மயிர் வரிசை தெரியும். அது இந்த உறவுகள் அனைத்துக்கும் பொதுவானது. ஆகையால் பண்ணையில் வாங்குபவர்கள் கதிர் விட்ட தொட்டியைக் கேட்டு வாங்கி, அங்கேயே ஒரு மணியை உருவிப் பார்த்துவிடுவது நல்லது.