திரிபலா நன்று, சொட்டு மருந்து வேண்டாம்: தருமபுரியில் ஒரு நாட்டு மருந்துக் கடை

கண்புரை முற்றிவரும் என் தாயாரையும் அழைத்துக்கொண்டு, தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள ஒரு நாட்டு மருந்துக் கடைக்குச் சென்றிருந்தேன். சரக்கில் குறை சொல்ல முடியாது. கடுக்காயைக் கொட்டை நீக்கிய பிறகே எடை போடுகிறார்கள். நெல்லி வற்றலையும் தான்றிக்காயையும் அதனுடன் சேர்த்து நம் கண்ணெதிரே அரைத்து, சலித்து, திரிபலா சூரணமாகக் காகிதத்தில் மடித்துத் தருகிறார்கள். பொன்னாங்கண்ணியை மட்டும் பொடியாக வாங்காமல் சந்தையில் கீரையாகவே வாங்கிக்கொள்ளச் சொன்ன நேர்மையும் பிடித்திருந்தது.

ஆனால், "நாப்பத்தெட்டு நாள் விட்டாப் போதும்மா, புரை தானா கரைஞ்சிடும்" என்று விற்பனையாளர் என் தாயாரிடம் நீட்டிய நந்தியாவட்டைச் சொட்டு மருந்துதான் உறுத்தியது. விலை 350 ரூபாய். புட்டியில் தயாரிப்பு நாளோ, காலாவதி நாளோ, உரிம எண்ணோ இல்லை. கண்ணின் வில்லையிலுள்ள புரதங்கள் திரண்டு, வெந்த முட்டையின் வெள்ளைக்கருவைப் போல ஒளி புகாமல் வெளுத்துவிடுவதே கண்புரை என்பதால், அதைக் கரைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மூலிகையோ சொட்டு மருந்தோ இன்றுவரை இல்லை என்பதோடு, கிருமி நீக்கப்படாத சாறு கருவிழியில் புண்ணையும் உண்டாக்கக்கூடும். இதைச் சொன்னதும் விற்பனையாளர் முகம் சுளித்தார். அம்மாவும் சற்றுச் சுளித்தார்.

மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தும் அறுவைச் சிகிச்சை அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அடுத்த வாரம் அங்கேதான் செல்கிறோம். சூரணத்திற்காக மட்டும் இந்தக் கடைக்கு மீண்டும் வருவேன், மாலையில் கூட்டம் மிகுதியாதலால் காலையிலேயே.