சனசமூக நிலையத்தில் நடந்த இணையப் பாதுகாப்புச் செயலமர்வு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

கோண்டாவிலில் எங்கள் சனசமூக நிலையம், தரம் 8 முதல் 11 வரையான பிள்ளைகளுக்காகப் பாடசாலை விடுமுறையில் நடத்திய இணையப் பாதுகாப்புச் செயலமர்வுக்கு மகளை அனுப்பிவிட்டு, பெற்றோருக்கென ஒதுக்கியிருந்த பின்வரிசையில் நானும் இறுதிவரை அமர்ந்திருந்தேன். இத்தகைய நிகழ்வுகள் பெரும்பாலும் கைப்பேசியைத் தொடவே கூடாது என்ற அதட்டலோடு முடிந்துவிடும். இங்கே அவ்வாறு நடக்கவில்லை.

வளவாளராக வந்த ஆசிரியை, ரியூசன் வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் ஒரு மாணவன் பிழையான விடையைப் போட்டுவிட்டான் என்று வைத்துக்கொண்டு, அதற்கு வழக்கமாக என்ன பதில் போடுவார்களோ அதைத் துண்டுத்தாளில் எழுதச் சொன்னார். பின்பு தாள்களைச் சேர்த்துக் கலைத்துக் கொடுத்து, கைக்கு வந்ததை எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து வாசிக்கச் சொன்னார். சிரித்தபடி எழுந்த பிள்ளைகள் பலருக்கு வாய் வரவில்லை. ஒரு பையன் தாளை மடித்துக்கொண்டு, "மிஸ், இதை நேரில சொல்ல ஏலாது" என்றான். அவனைக் கண்டிக்காமல், வகுப்புத் தோழியின் படத்தை வெட்டி ஸ்டிக்கர் ஆக்குவது, தனியாக வந்த செய்தியைத் திரைப்பிடிப்பு எடுத்துக் குழுவில் போடுவது ஆகியவற்றைப் பற்றி அந்த இடத்திலேயே அவர் பேசத் தொடங்கினார். பாதுகாப்பையும் மரியாதையையும் வேறு வேறு பாடங்களாகப் பிரிக்காத இந்த அணுகுமுறையே செயலமர்வின் சிறப்பு என்பேன். தன்னைக் காத்துக்கொள்ள மட்டும் கற்றுக்கொடுத்தால், பிறரை நோகடிக்கும் பிள்ளைக்கு அதில் எதுவும் இல்லாமற் போய்விடும்.

செய்முறைப் பகுதியும் பயனுள்ளதாக இருந்தது. வட்ஸ்அப்பில், கணக்கைப் புதிதாகப் பதியும்போது இரகசிய எண்ணொன்றையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை அங்கேயே இயக்கச் செய்தார்கள். குறுஞ்செய்தியில் வரும் 6 இலக்கக் குறியீட்டை, கேட்பவர் நண்பராகவே தெரிந்தாலும் கொடுக்கக்கூடாது என்பதை, நண்பரின் கணக்கையே களவெடுத்தவர் அதைக் கேட்கக்கூடும் என்ற காரணத்தோடு விளக்கினார்கள். கனடாவில் இருக்கும் மாமாவின் சிநேகிதர் என்று சொல்லிக்கொண்டு வருபவரை முதலில் அந்த மாமாவிடமே விசாரிக்க வேண்டும் என்ற அறிவுரை, வெளிநாட்டு உறவுகள் இல்லாத வீடு அரிதான எங்கள் ஊருக்கு மிகவும் பொருத்தமானது.

அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டினால் என்ன செய்வது என்ற பகுதிக்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம். பணமோ இன்னொரு படமோ அனுப்பாமல், உரையாடலை அழிக்காமல், நம்பிக்கையான பெரியவரிடம் சொல்லுங்கள் என்றதோடு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தையும் பலகையில் எழுதினார்கள். 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட இத்தகைய படங்களுக்காக 2023இல் தொடங்கப்பட்ட 'ரேக் இற் டவுண்' (Take It Down) என்ற இலவச அமெரிக்கச் சேவையைப் பற்றியும் சொன்னார்கள். அது, படத்தை வாங்காமலே, கைப்பேசிக்குள்ளேயே அதற்கொரு எண்முறை அடையாளத்தை உருவாக்கி, படத்தைக் கண்டுபிடித்து அகற்றுவதற்காக அந்த அடையாளத்தை மட்டும் பேஸ்புக், இன்ஸ்டகிராம், ரிக்ரொக் போன்ற தளங்களுக்குக் கொடுக்கிறது. படத்தை இன்னொருவர் பார்க்க வேண்டியதில்லை என்று கேட்டபோது பிள்ளைகளின் முகத்தில் தெரிந்த ஆறுதலைப் பின்வரிசையிலிருந்தே காண முடிந்தது. ஆனால் வட்ஸ்அப்பில் தனிப்பட்ட முறையில் பரவுவதை இச்சேவையால் தடுக்க முடியாது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பற்றிய விரிவுரை அளவுக்கு மீறி நீண்டதால் பிள்ளைகள் களைத்துப் போனார்கள். பையன்கள் இரவிரவாக விளையாடும் பிரீ ஃபயரில், முன்பின் தெரியாதவர்களோடு குரல்வழி பேசுவதைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அடுத்த விடுமுறையிலும் நடத்தப்போவதாகச் சொல்கிறார்கள். சட்ட விரிவுரையைச் சுருக்கி அந்த நேரத்தை விளையாட்டுகளுக்குக் கொடுக்குமாறு நிலையத்தாரிடம் கேட்டிருக்கிறேன். கட்டணம் இல்லை, பெயர் பதிந்தால் போதும். பின்வரிசையில் தாய்மாரே நிறைந்திருந்தோம்; அடுத்த முறை தகப்பன்மாரும் வர வேண்டும்.