வளவுச் சுவரில் ஹாரி பாட்டர்: மூன்றா, நான்கா?

விடுமுறைக்குக் காரைக்குடி ஆயா வீட்டுக்கு வந்த பிள்ளைகள் ஹாரி பாட்டர் படங்களில் முதல் இரண்டு பாகங்களைப் பார்த்தாயிற்று. ஊர் திரும்புமுன் இன்னும் ஒன்றுக்குத்தான் நேரம். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய வளவுச் சுவர் (வீட்டு நடுமுற்றத்துச் சுவர்) இருக்க, திரை எதற்கு?

நான்காம் பாகம் (2005, மைக் நியூவெல், 157 நிமிடம்) டிராகன், ஏரிக்கு அடியில் நடக்கும் போட்டி என்று கண்ணுக்கு விருந்துதான். ஆனால் தடித்த நாவலை ஒரே படத்தில் திணித்ததில், கடைசிப் பந்தியின் அவசரம். முடிவில் ஒரு மாணவனின் சாவு வேறு. இரவில் சின்னவள் யாரைக் கட்டிக்கொண்டு தூங்குவாள்?

என் ஓட்டு மூன்றுக்கு (2004, அல்ஃபோன்சோ குவாரோன், 142 நிமிடம்). வில்லன் வோல்டெமோர்ட் முகம் காட்டாத பாகம். ஹாரியின் நண்பர் ஹாக்ரிட்டின் குடிசைக்குள் எங்கிருந்தோ ஒரு கல் வந்து ஜாடியை உடைக்கிறது. எறிந்தது யார் என்பது, காலம் மூன்று மணிநேரம் பின்னால் திரும்பிய பிறகுதான் புரியும். அந்த இடத்தில் பெரியவன் ஆத்தங்குடிக் கல் தரையிலிருந்து துள்ளி எழுந்தான், கையில் பாதி சீப்புச்சீடையோடு.

ஆயாவுக்கு ஒரே கவலை: "படத்துல வர்ற அந்தக் கறுப்பு நாய் நல்லதா, கெட்டதா?"