மூன்றரை ஆயிரம் டாலர் முகமூடி: விஷன் ப்ரோ வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

2023 ஜூன் 5 அன்று ஆப்பிள், முகத்தில் மாட்டிக்கொண்டு கண்முன் திரையைப் பார்க்கும் ஹெட்செட்டான விஷன் ப்ரோவை அறிவித்து 3,499 டாலர் என்று விலை சொன்னபோது, பொருள் கடைக்கு வர இன்னும் எட்டு மாதம் இருந்தது. அந்த எட்டு மாதமும் ஒரே கேள்விதான் சுற்றிக்கொண்டிருந்தது: இவ்வளவு கொடுத்து இதை யார் வாங்குவார்கள்? 2024 பிப்ரவரி 2 அன்று அமெரிக்காவில் விற்பனை தொடங்கியது. 2025 அக்டோபரில் எம்5 சில்லுடன் புதிய பதிப்பும் வந்துவிட்டது. விலை ஒரு டாலர்கூட இறங்கவில்லை. அன்று வெறும் சந்தேகமாக இருந்ததை இன்று பொருளை வைத்தே சோதித்துவிடலாம்.

விலையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். கழுத்து, கண், வீட்டில் இருக்கும் மற்றவர்கள் ஆகிய மூன்றைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. காசு ஒரு பொருட்டில்லை என்பவர்கள் வீட்டிலும் இந்தக் கருவியை அலமாரிக்கு அனுப்பக்கூடியவை அந்த மூன்றுதான்.

இருந்தாலும் விலையை முதலில் முடித்துவிடுவோம். 3,499 டாலர் என்பது 256 ஜிபி மாடலுக்கு. நம் பணத்தில் ஏறத்தாழ மூன்று லட்சம் ரூபாய். அமெரிக்காவில் வாங்கினால் மாநில விற்பனை வரி தனி. உள்ளே மூக்குக்கண்ணாடி போட முடியாது, அதனால் பார்வைக் குறை உள்ளவர்கள் ஸைஸ் நிறுவனத்தின் காந்த லென்ஸ் வாங்க வேண்டும்: மருத்துவச் சீட்டுப்படி செய்தால் 149 டாலர், வெறும் படிப்புக் கண்ணாடி என்றால் 99. பழுதுக்கான காப்புத் திட்டமான ஆப்பிள்கேர் இரண்டு ஆண்டுக்கு 499. பயணப் பை 199. மொத்தம் 4,346 டாலர். கூடுதல் பேட்டரி ஒன்று வாங்கினால் இன்னொரு 199.

ஆப்பிள்கேரைத் தவிர்த்து மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். முதல் பதிப்பு வந்தபோது அறிவிக்கப்பட்ட பழுதுக் கட்டணத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். முன்பக்கக் கண்ணாடி விரிசல் விட்டால் 799 டாலர், வேறு சேதம் என்றால் 2,399. விற்பனைக்கு வந்த முதல் மாதமே, கீழே போடாமலேயே மூக்குக்கு மேலே செங்குத்தாக மெல்லிய விரிசல் விழுந்ததாகச் சிலர் படத்தோடு புகார் சொன்னார்கள். இவ்வளவு விலையுள்ள பொருளின் முகப்பு முழுக்கக் கண்ணாடியாக இருக்க வேண்டிய அவசியம் என்ன? அந்தக் கண்ணாடிக்கு அடியில் உங்கள் கண்களை வெளியில் இருப்பவர்களுக்குக் காட்டும் இன்னொரு திரை இருக்கிறது. மங்கலாகத் தெரியும் அந்தக் கண்கள் வாசலில் கட்டிய திருஷ்டி பொம்மையைத்தான் நினைவூட்டுகின்றன. எடையும் மின்சாரமும் விலையும் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தத் திரை இல்லாமலே இது நல்ல கருவியாக இருந்திருக்கும்.

இனி கழுத்து. முதல் பதிப்பு 600 முதல் 650 கிராம், முகத்தில் பொருந்தும் அட்டையின் அளவைப் பொறுத்து மாறும். பேட்டரி 353 கிராம், அது சட்டைப்பையில் இருப்பதால் இதில் சேராது. போட்டிக் கருவியான மெட்டா குவெஸ்ட் 3 பேட்டரியையும் உள்ளே வைத்துக்கொண்டு 515 கிராம். சாம்சங் கேலக்ஸி எக்ஸ்ஆர் 545 கிராம், அதிலும் பேட்டரி தனி. எண்களில் பெரிய வித்தியாசம் தெரியாது. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் சிக்கல். விஷன் ப்ரோவில் அலுமினியம், கண்ணாடி, திரை, விசிறி எல்லாமே முகத்துக்கு முன்னால். கழுத்தெலும்பு தாங்கும் புள்ளியிலிருந்து எடை முன்னே தள்ளிப் போகப் போக, தலையை நிமிர்த்தி வைக்கப் பின்கழுத்துத் தசை இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குனிந்தால் இன்னும் மோசம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காயே மூன்று லட்சம், சுமைகூலியைக் கழுத்து தனியாகக் கட்ட வேண்டும்.

முதல் பதிப்போடு இரண்டு பட்டைகள் வந்தன. விளம்பரங்களில் அழகாகத் தெரிந்த ஒற்றைப் பின்னல் பட்டை தலையின் பின்புறத்தை மட்டும் பிடிக்கிறது, அதனால் எடை முழுவதும் கன்னத்திலும் நெற்றியிலும் அழுந்தும். உச்சந்தலை வழியாகவும் போகும் இரட்டைப் பட்டை அழகில்லை, ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் போடுவதென்றால் அதுதான் கதி. எம்5 பதிப்போடு வரும் புதிய இரட்டைப் பின்னல் பட்டையில், பின்பக்கம் எடைக்கு எடை நிற்கட்டும் என்று டங்ஸ்டன் என்ற கனமான உலோகத்தைச் சேர்த்திருக்கிறார்கள். இதனால் மொத்த எடை 750 முதல் 800 கிராம் வரை போய்விட்டது. எடை ஏறியும் சமநிலை கூடியிருக்கிறது என்பது விந்தையாகத் தோன்றலாம். தராசில் ஒரு தட்டு தாழ்ந்தால் மறு தட்டில் கல் வைப்பதுதான் இது. இந்தப் பட்டை தனியாக 99 டாலருக்குக் கிடைக்கிறது, பழைய கருவிக்கும் பொருந்தும். பழையது வைத்திருப்பவர் செய்யக்கூடிய உருப்படியான செலவு இது ஒன்றுதான்.

படம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 2.3 கோடி பிக்சல். கறுப்பு உண்மையான கறுப்பு. இருட்டு அறையில் ஒரு முப்பரிமாணப் படம் பார்க்க இதைவிடச் சிறந்த தனியாள் தியேட்டரை இந்த விலையில் வீட்டில் கட்ட முடியாது. குறை சொல்லத் தொடங்குவது எழுத்தைப் படிக்கும்போது.

‘கணினித் திரையே தேவையில்லை, காற்றில் 4கே மானிட்டர் தொங்கும்’ என்ற பேச்சைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 27 அங்குல 4கே மானிட்டரின் அகலம் சுமார் 60 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது பார்வையில் ஏறத்தாழ 53 பாகை அகலத்தை அடைக்கும். 3,840 பிக்சலை 53 ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு 72. குறையில்லாத கண்ணுக்கு 60 இருந்தால் போதும். விஷன் ப்ரோவைக் கழற்றி ஆராய்ந்த ஐஃபிக்ஸிட் குழுவின் கணக்கில் அது ஒரு பாகைக்குச் சுமார் 34. அதே 53 பாகை அகலத்துக்கு ஒரு மெய்நிகர் மானிட்டரை நிறுத்தினால் உங்களுக்குக் கிடைப்பது குறுக்கே சுமார் 1,800 பிக்சல். பெயர் 4கே, கண்ணில் படுவது பழைய முழு எச்டிக்கும் சற்றுக் குறைவு. எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வேலை செய்யலாம்தான். ஆனால் எக்செலில் ஐம்பது வரிசையை ஒரே பார்வையில் பார்க்கப் பழகியவர், வேறொரு கண்ணாடி போட வேண்டும் போலிருக்கிறதே என்று கண்ணைச் சுருக்குவார். மேக் கணினியின் திரையைப் பக்கவாட்டில் இரண்டு 4கே அகலத்துக்கு விரிக்கும் வசதி 2024 டிசம்பரில் வந்தது. இடம் கூடியது, கூர்மை கூடவில்லை.

தலையைத் திருப்பும்போது எழுத்து இழுபடுவதற்கும் காரணம் உண்டு. கருவி தடிமனாகாமல் இருக்க, ஒளியை உள்ளேயே முன்னும் பின்னும் மடித்து அனுப்பும் பான்கேக் லென்ஸ் வைத்திருக்கிறார்கள். அந்த மடிப்பில் திரையிலிருந்து கிளம்பும் ஒளியின் கால்பங்குகூடக் கண்ணை எட்டாது. வெளிச்சத்தைக் கூட்ட ஒவ்வொரு சட்டகத்தையும் சற்று அதிக நேரம் எரியவிட வேண்டும், அதற்குள் தலை நகர்ந்தால் படம் கலங்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும்போது ஓரத்தில் மினுங்கும் ஒளிக்கசிவுக்கும் அதே லென்ஸ்தான் பொறுப்பு. எம்5 பதிப்பு விநாடிக்கு 120 முறை வரை (120 ஹெர்ட்ஸ்) படத்தைப் புதுப்பிக்கிறது, கலங்கல் குறைந்தாலும் லென்ஸ் அதேதான்.

இன்னொன்று, எந்த ஹெட்செட்டுக்கும் பொது. படத்தில் பொருள் அரையடியில் இருந்தாலும் அரை மைலில் இருந்தாலும், கண்ணின் லென்ஸ் குவிய வேண்டியது ஒரே தூரத்தில். இரண்டு கருவிழிகளும் பக்கத்துப் பொருளுக்காக உட்பக்கம் திரும்பும், குவியம் மட்டும் தொலைவிலேயே நிற்கும். இந்த முரண்பாடுதான் பலருக்கு வரும் கண்வலி. செயலி ஜன்னல்களை முகத்துக்கு மிக அருகே இழுக்காமல் ஒன்றரை மீட்டருக்கு அப்பால் நிறுத்தினால் பெருமளவு குறையும்.

பேட்டரியைப் பற்றி: முதல் பதிப்பு பொதுப் பயன்பாட்டுக்கு 2 மணி நேரம், எம்5 பதிப்பு 2.5. முதல் பதிப்பில் மூன்று மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இடைவேளையில் சார்ஜ் போட வேண்டிவரும். கருவிக்குள் வேறு பேட்டரி கிடையாது, ஆகவே ஒயரைக் கழற்றி அடுத்த பேட்டரியை மாட்டுவதற்குள் எல்லாம் அணைந்துவிடும். அந்த 199 டாலரைச் செலவழிக்காமல், பேட்டரியின் யுஎஸ்பி-சி துளையில் ஒரு நல்ல பவர்பேங்கை இணைத்துவிடுங்கள். ஓடிக்கொண்டே சார்ஜ் ஏறும்.

நம் ஊருக்கு முக்கியமான ஒரு வரி தொழில்நுட்ப விவரப் பட்டியலின் அடியில் ஒளிந்திருக்கிறது: இயங்கும் வெப்பநிலை 0 முதல் 30 டிகிரி செல்சியஸ். சித்திரை வெயிலில் சென்னையிலோ மதுரையிலோ மின்விசிறி மட்டும் ஓடும் அறை அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஏசி இல்லாத அறைக்கு இதை யோசிக்கவே வேண்டாம். இந்தியாவில் ஆப்பிள் இதுவரை இதை விற்பனைக்குக் கொண்டுவரவும் இல்லை. சிங்கப்பூரில் 2024 ஜூனிலும் ஐக்கிய அரபு அமீரகத்தில் அதே ஆண்டு நவம்பரிலும் வந்துவிட்டதால், அங்கிருக்கும் உறவினரிடம் ‘வரும்போது ஒன்று வாங்கி வாங்க மாமா’ என்று சொல்வது சுலபம். ஆனால் சுங்க வரி உண்டு. பழுதானால் திரும்ப அந்த நாட்டுக்கே போக வேண்டிவரும். முக அட்டையின் அளவு வாங்குபவரின் முகத்தை ஐபோனில் ஸ்கேன் செய்து முடிவாவது, எனவே மாமா முகத்துக்கு எடுத்தது மருமகனுக்குப் பொருந்தாது.

வீட்டில் இருக்கும் மற்றவர்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான், கருவி ஒருவருக்கு மட்டும். அட்டை ஒருவரின் முகத்துக்கு, லென்ஸ் ஒருவரின் கண்ணுக்கு, கண் பார்க்கும் இடத்தை வைத்து இயக்குவதற்கான அளவீடும் ஒருவருக்கு. விருந்தினர் முறையில் மற்றவர் போடலாம், ஆனால் அளவீட்டை அவர் தனியாகச் செய்ய வேண்டும். பின்னர் வந்த புதுப்பிப்பில் ஒரு விருந்தினரின் அளவீட்டை 30 நாள் வைத்துக்கொள்ளும் வசதி சேர்ந்தது. 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு வேண்டாம் என்று ஆப்பிளே சொல்கிறது. மூன்று லட்சத்துக்கு வாங்கும் டிவியைக் குடும்பமே பார்க்கும், இதை வாங்கினால் மற்றவர்கள் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போதிய செயலிகள் வராது என்ற அன்றைய சந்தேகம் சரியாகவே இருந்தது. நெட்ஃபிளிக்ஸ், யூடியூப், ஸ்பாட்டிஃபை மூன்றும் தொடக்கத்தில் செயலி தரவில்லை, உலாவியில்தான் பார்க்க வேண்டியிருந்தது. உலாவியில் தரவிறக்கி வைக்க முடியாது, ஆகவே விமானத்துக்கு உதவாது. இத்தனைக்கும் இந்தக் கருவியின் இயல்பான இடமே நீண்ட விமானப் பயணம்தான்.

இந்தத் துறையில் முந்திக்கொண்டவர்கள் பட்டதையும் பார்க்க வேண்டும். மெட்டா குவெஸ்ட் ப்ரோ 2022 அக்டோபரில் 1,499 டாலருக்கு வந்து ஐந்தே மாதத்தில் 999 ஆனது. 3,500 டாலர் ஹோலோலென்ஸ் 2 கருவியின் தயாரிப்பை மைக்ரோசாஃப்ட் 2024இல் நிறுத்தியது. அதைவிடக் கொடுமை, விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டியை நம்பி ஹெச்பி போன்றவர்களின் ஹெட்செட் வாங்கியவர்களுக்கு நடந்தது: விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த மென்பொருளையே நீக்கிவிட்டார்கள். கருவி கெடவில்லை, வேலை மட்டும் செய்யாது. அன்று ஆப்பிளின் தலைமை நிர்வாகியாக இருந்த டிம் குக்கே விஷன் ப்ரோவை வெகுஜனப் பொருள் அல்ல, முந்தி வாங்குபவர்களுக்கானது என்று 2024இல் ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார். அவரை நம்பலாம்.

அப்படியும் ஆசை விடவில்லை என்றால், ஆப்பிள் கடையில் முன்பதிவு செய்து அரை மணி நேரச் செயல்விளக்கத்துக்குப் போங்கள், காசு கிடையாது. மூக்குக்கண்ணாடியைக் கொண்டுபோனால் அளந்து தற்காலிக லென்ஸ் மாட்டித் தருவார்கள். விற்பனையாளர் டைனோசரையும் வண்ணத்துப்பூச்சியையும் காட்டுவார், பார்த்துவிட்டு உங்கள் சோதனையைத் தொடங்குங்கள். சஃபாரி உலாவியில் நீண்ட கட்டுரை ஒன்றைத் திறந்து பத்து நிமிடம் படியுங்கள். படிக்கும்போதே தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்பி எழுத்து கலங்குகிறதா என்று பாருங்கள். கையிலிருக்கும் போனை எடுத்து, கருவி வழியாகவே ஒரு குறுஞ்செய்தியைப் படியுங்கள். ஐந்து நிமிடம் குனிந்து மடியைப் பாருங்கள். வேறு வகைப் பட்டை இருந்தால் அதையும் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். கழற்றியதும் கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள், கன்னத்தில் விழுந்த தடம் எத்தனை நிமிடத்தில் மறைகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. பார்க்கும் இடமும் தேர்வாகும் இடமும் விலகிப்போனால் மேல் பொத்தானை நான்கு முறை வேகமாக அழுத்தி மறுபடி அளவீடு செய்யச் சொல்லுங்கள், அதன் பிறகும் விலகினால் உங்கள் கண்ணுக்கு இது ஒத்துவரவில்லை.

ஹெட்செட் பழக்கம் உங்களுக்கு ஒட்டுமா என்பதே தெரியாதென்றால், முதலில் விலை குறைந்த குவெஸ்ட் 3 போன்ற ஒன்றில் இரண்டு மாதம் ஓட்டுங்கள். வாரத்துக்கு ஐந்து மணி நேரம்கூட வரவில்லை என்றால் பல மடங்கு விலையில் அது கூடப்போவதில்லை. செயலி எழுதுபவர்களுக்கும், தனியாக வாழ்ந்து மாதம் இருமுறை நீண்ட விமானத்தில் பறப்பவர்களுக்கும் மட்டும் இந்தக் கணக்கு வேறு.

பழைய கருவியை விலை குறைத்துத் தருகிறார்கள் என்றால் நான்கைப் பாருங்கள். மூக்குக்கு மேலே கண்ணாடியில் முடி போன்ற கோடு இருக்கிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் தேடுங்கள். முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு முழுதும் நீக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். முக அட்டை உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் புதியதற்கு 199 டாலர் ஆகும், அதை விலையில் கழியுங்கள். கடைசியாக, முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து இரண்டு கண்ணிலும் கறுத்த புள்ளியோ நிறம் மாறிய திட்டோ தெரிகிறதா என்று பாருங்கள். லென்ஸ் வெயிலைப் பார்க்கும்படி ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனால், பூதக்கண்ணாடி காகிதத்தைச் சுடுவதுபோல் அது திரையைச் சுட்டுவிடும். தெரிந்தால் பேரம் பேசாமல் எழுந்துவிடுங்கள், அந்தத் திரையை மாற்ற ஆகும் செலவில் இன்னொரு பழையதே கிடைத்துவிடும்.