மாமா வாங்கிவந்த வெட்டுக்கிளி: மூன்றரை வருஷ அனுபவம்

பரணைச் சுத்தம் செய்யச் சொல்லி அம்மா வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். 2021 ஊரடங்கில் திருச்சி வீட்டில் மாட்டிக்கொண்டு, வேறு சாக்கு எதுவும் கிடைக்காமல் ஏறினேன். வெண்கலப் பானைக்குப் பின்னால், எலி ஒரு மூலையைக் கடித்துவிட்ட அட்டைப்பெட்டி. உள்ளே டமியா கிராஸ்ஹாப்பர், அதாவது வெட்டுக்கிளி. 1987-இல் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து, இரண்டு ராத்திரி உட்கார்ந்து அவரே பூட்டிக் கொடுத்த ரிமோட் கார். இந்த வகைக் காருக்குப் பெயர் ‘பக்கி’ என்று அன்று மாமா சொன்னதும், “உன் மருமகனுக்குப் பொருத்தமாத்தான் வாங்கியிருக்கே” என்றார் பாட்டி.

நான் பத்து வயதில் அதை வெறித்தனமாக ஓட்டியிருக்கிறேன் என்பது பெட்டியைத் திறந்ததுமே தெரிந்தது. முன் பம்பர் பாதி இல்லை. வெள்ளையாக இருந்த உடல் பழைய தந்த நிறத்துக்குப் போயிருந்தது. பின் டயர் ஒன்றை மடக்கிப் பார்த்தேன், விரிசல் விட்டது. ரிமோட்டில் எட்டு பேட்டரி செல்லையும் எடுக்காமலே மூடி வைத்த புண்ணியவான் நான்தான். கசிந்து, வெள்ளையாகப் பூத்து, கம்பிச்சுருளைத் தின்றிருந்தது. நல்ல நிலையில் இருந்தவை இரண்டு. ஒன்று கியர்பாக்ஸ். இன்னொன்று உள்ளே உட்கார்ந்திருக்கும் டிரைவர் பொம்மை. அதன் ஹெல்மெட்டுக்கு அக்கா அந்தக் காலத்தில் குடெக்ஸ் பூசியிருந்தாள், அடர் சிவப்பு. அது மட்டும் நேற்றுப் பூசியதுபோல மின்னியது.

இந்தக் காரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். டமியா ஜப்பானில் ஷிசுவோகாவைச் சேர்ந்த நிறுவனம். 1976-இல் போர்ஷே 934 மாதிரியோடு ரேடியோ கட்டுப்பாட்டுக் கார்களில் இறங்கியது. கிராஸ்ஹாப்பர் வந்தது 1984-இல், 58043 என்ற எண்ணோடு. பத்தில் ஒரு பங்கு அளவு, பின்சக்கர ஓட்டம், தொட்டிபோல ஒரே வார்ப்பில் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் சேஸி. முதல் கார் வாங்கும் பையன்களுக்காகச் செய்தது என்பதால் எல்லாமே சிக்கனம். அதே வருஷம் வந்த அதன் அண்ணன் ஹார்னெட்டுக்குப் பெரிய 540 மோட்டார், பின்னால் துள்ளலை அடக்கும் ஆயில் டேம்பர். நம் ஆளுக்குச் சின்ன 380 மோட்டார், பின்னால் வெறும் ஸ்பிரிங். கியர்பாக்ஸ், மோட்டார், பின் அச்சு மூன்றும் ஒரே கட்டியாகச் சேர்ந்து ஏறி இறங்கும். அதனால் கார் நேராக ஓடாது. வாத்து நடப்பதுபோல இடமும் வலமும் அசைந்துகொண்டு போகும். முதல் தடவை பார்ப்பவர்கள் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். இல்லை, அதன் நடையே அப்படி.

2005-இல் டமியா இதை மறுபடி வெளியிட்டதுதான் என்னைப் போன்றவர்களுக்கு வாழ்வு. உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது. கேட்பவர்களிடம் நான் மறைப்பதில்லை: பணக் கணக்குப் பார்த்தால் நாமே பூட்டிக்கொள்ளும் புதிய கார், அதாவது கிட், வாங்குவதுதான் புத்திசாலித்தனம். உதிரிபாகங்களுக்கும் புதிய ரிமோட்டுக்கும் சேர்த்து நான் செலவழித்ததில் ஒன்றரைக் கிட் வந்திருக்கும்.

பிரிக்கும்போதே முதல் தப்பு. வீட்டில் இருந்த சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் திருகினேன். ஜப்பான் ஸ்க்ரூக்களின் தலையில் உள்ள குறுக்குவெட்டு ஜிஸ் என்ற அவர்களது தரத்துக்கு ஏற்பச் செய்தது. நம் ஸ்டார் முனை அதில் முழுசாக உட்காராமல் மேலே வழுக்கிவரும். நான்கு தலைகளை மழுக்கிய பிறகுதான் இது உறைத்தது. ஜிஸ் முனை ஒன்று வரவழைத்தேன். பழைய ஸ்கூட்டரோ ஜப்பான் கேமராவோ பிரிப்பவர்கள் வீட்டிலும் அது ஒன்று இருக்கட்டும்.

திருப்பிப் பூட்டும்போது இன்னொரு விஷயம். இந்த ஸ்க்ரூக்கள் பிளாஸ்டிக்கில் தாமே மரை வெட்டிக்கொண்டு இறங்குபவை. பழைய ஓட்டையில் வைத்ததும் முறுக்கினால் புது மரை வெட்டும், பழையது நாசமாகும். முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுற்ற வேண்டும். ஒரு இடத்தில் ‘டக்’ என்று லேசாக விழும். அதுதான் பழைய மரை ஆரம்பிக்கும் இடம். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் வெண்ணெய்போல இறங்கும். மாமா 37 வருஷத்துக்கு முன் வெட்டிய மரையிலேயே இன்றும் பாதி ஸ்க்ரூக்கள் நிற்கின்றன.

கியர்பாக்ஸில் கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் போதும். ரிமோட்டின் செல் கசிவு காரத்தன்மை உள்ளது, அதனால் வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்தேன், நுரைத்து அடங்கியது. ஆனாலும் ரிமோட் உயிர்பெறவில்லை. 27 மெகாஹெர்ட்ஸ், அனுப்பவும் வாங்கவும் ஜோடி கிரிஸ்டல் போடும் காலத்துச் சாமான். ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, “அலமாரியில வச்சு அழகு பாருங்க சார்” என்றார். அப்படியே வைத்திருக்கிறேன். ஓட்டுவதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் வாங்கினேன். அதில் வருத்தமில்லை. பழைய செட்டில் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால்கூட கார் உதறும்.

விரிசல் ஒட்டியதுதான் ரசித்துச் செய்த வேலை. ஏ.பி.எஸ். அசிட்டோனில் கரையும். உடைந்த பம்பரின் துண்டுகளைப் பொடியாக நறுக்கி, சின்னக் கண்ணாடிப் புட்டியில் அசிட்டோன் ஊற்றி ஒரு ராத்திரி விட்டால் காலையில் பாகு பதத்தில் இருக்கும். அதைக் குச்சியால் எடுத்து விரிசலுக்குள் தடவினால் ஒட்டுவதில்லை, ஒன்றாகவே ஆகிவிடுகிறது. ஒரே கண்டிஷன், முழுசாக இறுக இரண்டு நாளாவது விட வேண்டும். நான் ஆறு மணி நேரத்தில் ஸ்க்ரூவை இறக்கிப் பார்த்தேன். பசைபோல இழுத்துக்கொண்டு வந்தது.

கையில் அசிட்டோன் தீர்ந்த ஒருநாள், மனைவியின் குடெக்ஸ் ரிமூவரை எடுத்தேன். அதுவும் அசிட்டோன்தானே. ஆமாம், அதுவும் அசிட்டோன்தான். அதன் வேலை என்ன என்பதை மட்டும் மறந்துவிட்டேன். உடலின் உள்பக்கம் தடவும்போது ஒரு சொட்டு ஹெல்மெட்டில் விழுந்தது. பதறிப்போய்த் துடைத்தேன். 34 வருஷம் இருந்த சிவப்பு மொத்தமும் துணியில் வந்துவிட்டது. அக்காவுக்குப் போன் செய்தேன். “டேய், நான் எப்போடா பூசினேன்?” என்றாள். அவளுக்கு நினைவே இல்லை.

பிளாஸ்டிக்கில் ஏறிய மஞ்சள் நிறத்தை எடுக்கும் வைத்தியம் பலருக்குத் தெரிந்திருக்கும்: அழகுநிலையங்களுக்குச் சாமான் விற்கும் கடையில் 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீம், மேலே பிளாஸ்டிக் உறை, மொட்டை மாடி வெயில். வெளிநாட்டவர்கள் இதற்குப் புற ஊதா விளக்கு வாங்குகிறார்கள். திருச்சியில் ஜூன் மாதம் அந்தச் செலவு இல்லை. உறை விலகிக் கிரீம் காய்ந்த இடங்களில் திட்டுத்திட்டாக வெளுத்ததால் மறுபடி ஒருமுறை செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் பளிச்சென்று வந்தது. இப்போது நீண்ட நாள் கணக்கு: இரண்டு வருஷத்தில் மஞ்சள் திரும்பிவிட்டது. அலமாரிக்குள், வெயிலே படாமல் இருந்தும். இனி செய்யமாட்டேன். சட்டகத்தின் உள்பக்கம் காம்பஸ் முனையால் நான் கீறிய என் பெயர் மஞ்சளில்தான் நன்றாகத் தெரிகிறது.

முதல் ஓட்டம் 2021 செப்டம்பரில். அதற்குள் வேலை, வீடு எல்லாம் சென்னை. மாமா போட்ட பழைய மெக்கானிக்கல் வேகக் கட்டுப்பாட்டையே வைத்திருந்தேன். சர்வோ என்ற சின்ன மோட்டார், செம்புத் தகடுகளின்மேல் ஒரு தொடுகரத்தை நகர்த்தும். மெதுவாகப் போகும்போது மீதி மின்சாரம் ஒரு பீங்கான் ரெசிஸ்டரில் சூடாக வீணாகும். தகடுகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்ததும் வேலை செய்தது. படிப்படியாக உதைத்துக்கொண்டு கிளம்பும் அந்த ஓட்டம் எனக்குப் பிடித்திருந்தது. ஆறு மாதத்தில் தகடுகள் பொறி பறந்து குழி விழுந்தன. மகள் ஒருநாள் ரெசிஸ்டரைத் தொட்டுவிட்டு அலறியதும் கழற்றி, எலக்ட்ரானிக் கட்டுப்பாடு போட்டேன். இது நான் சந்தேகமே இல்லாமல் பரிந்துரைக்கும் ஒரே மாற்றம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். 380 மெதுவாக இருக்கிறது என்று 540-க்குத் தாவினேன். கியர்பாக்ஸ் ஹார்னெட்டுடையதேதான், இடம் ஏற்கெனவே இருக்கிறது; பார்க்க அரை மணி நேர வேலை. அப்புறம் நடந்தது ஒரு வருஷக் கதை. வேகம் கூடியதும் டேம்பர் இல்லாத பின்பக்கம் பந்துபோலத் துள்ளியது. சரி என்று ஆயில் டேம்பர் போட்டேன். பின்பக்கம் அடங்கியது, இப்போது முன்சக்கரங்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, நடைபாதை விளிம்பில் மோதி, முன்சக்கரத்தைத் தாங்கும் கை (முன்கை) பிளந்தது. புதிய முன்கை வரவழைத்தேன். அடுத்த மோதலில் கை உடையவில்லை. அதைத் தாங்கும் சேஸியின் ஸ்க்ரூத் தூண் உடைந்தது. முன்கை கிடைக்கும், மாமா பூட்டிய சேஸி எங்கே கிடைக்கும்? ஒன்றைக் கெட்டியாக்கினால் அதற்கு அடுத்தது உடைகிறது. நல்லவேளை, துண்டு கையில் இருந்தது. அசிட்டோன் பாகைத் தடவி, இந்தமுறை நான்கு நாள் விட்டேன்.

2023 தொடக்கத்தில் 380-ஐயே திரும்பப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஓட்டத்தில் ஒரு பாகமும் உடையவில்லை, ஒரு விதிவிலக்கைத் தவிர. அதைக் கடைசியில் சொல்கிறேன். டேம்பரையும் கழற்றிவிட்டேன். வாத்து நடை திரும்ப வந்துவிட்டது.

எலியட்ஸ் கடற்கரையில் ஓட்டியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓட்டாதீர்கள். உப்பு மணல் மூன்று நாளில் ஸ்க்ரூத் தலைகளைத் துருவாக்கியது. முன்சக்கரங்களில் பிளாஸ்டிக் புஷ்ஷை எடுத்துவிட்டு ஸ்டீல் பேரிங் போட்டிருந்தேன், எல்லோரும் முதலில் செய்யச் சொல்லும் மேம்பாடு. இரண்டு மாதத்தில் நான்கில் மூன்று இறுகிவிட்டன. டப்பாவில் போட்டுவைத்திருந்த பழைய புஷ்களைத் தேடி எடுத்துத் திரும்ப மாட்டினேன். மணல் புகுந்தால் கழுவிவிட்டால் போதும். கியர்பாக்ஸுக்குள் பேரிங் இருக்கட்டும், மணல் படும் சக்கரத்துக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். துருப்பிடித்தவற்றுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டேன்.

பேட்டரிக்கு லிப்போ (லித்தியம் பாலிமர்) முயன்றேன். உருளைச் செல்லுக்காக வளைவாகச் செய்த அறைக்குள் சதுர விளிம்பு நுழையவில்லை. சேஸியை அறுக்கச் சொல்லி யோசனை சொன்னார்கள். அறுக்கவில்லை. 3000 எம்.ஏ.எச். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியில் அரை மணி நேரத்துக்குமேல் ஓடுகிறது. சின்ன வயதில் 1200 எம்.ஏ.எச். நிக்கல் காட்மியத்தை ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டுக் கால் மணி நேரம் ஓட்டியவனுக்கு இதுவே அதிகம்.

உதிரிபாகம் வரவழைப்பதில் ஒரு எச்சரிக்கை. ஒரு விற்பனையாளர் பின் டயர் கேட்டதற்கு ஹார்னெட்டின் முள் டயரை அனுப்பினார். திருப்பி அனுப்பும் செலவு டயர் விலையைத் தாண்டியதால் அதையே மாட்டியிருக்கிறேன். தோற்றம் கெட்டது, பிடிப்பு கூடியது. படத்தைப் பார்த்து வாங்காமல் உதிரிபாக எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

போன பொங்கலுக்கு அக்கா திருச்சிக்கு வந்தபோது கையோடு ஒரு சிவப்புக் குடெக்ஸ் கொண்டுவந்தாள். பழைய சிவப்பு இல்லை, கொஞ்சம் ரோஜா கலந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஹெல்மெட்டைப் பூசினாள். மாமாவுக்கு இப்போது 78. முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் ரிமோட்டைக் கேட்டார். இரண்டு குச்சி உள்ள பழைய ரிமோட்டில் பழகியவருக்குத் துப்பாக்கி வடிவப் புது ரிமோட் பிடிபடவில்லை. விசையை முழுசாக அழுத்தினார். கார் நேராகப் போய்த் துளசி மாடத்தில் இடித்தது.

நான் சொன்ன விதிவிலக்கு அதுதான். புது பம்பர் இடப்பக்க ஓட்டையோடு பிளந்திருக்கிறது. நறுக்கிய துண்டுகள் புட்டியில் ஊறிக்கொண்டிருக்கின்றன. அதுவரைக்கும் இரண்டு நைலான் டேக் போட்டு இறுக்கியிருக்கிறேன்.