சங்கமா, தசமபாகமா, ஏலமா?

திருப்பூரில் வேலை பார்த்த ஐந்து வருஷமும் வீட்டுப் பக்கத்திலிருந்த ஒரு சுயாதீன சபைக்கு, அதாவது பெரிய திருச்சபை எதிலும் சேராத தனிச் சபைக்கு, வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகம் கொடுத்தேன். பாளையங்கோட்டைக்குத் திரும்பியதும் பழையபடி சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோவிலில் பெயரைப் பதிந்து சங்கம் கட்ட ஆரம்பித்துவிட்டேன். "பத்தில் ஒன்று கொடுக்க மனசு வரலையோ?" என்று மைத்துனர் கேட்கிறார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சங்கம் என்றால் நெல்லைப் பக்கத்தில் ஒரு குடும்பம் கோவிலுக்குக் கட்டும் மாதச் சந்தா. கோவில் ஊழியரான உபதேசியார் நோட்டோடு வீட்டுக்கு வருவார், ரசீது கிழிப்பார், ஒரு ஜெபம், ஒரு காப்பி, கிளம்பிவிடுவார். தசமபாகத்துக்கு ரசீது கிடையாது. பைபிளின் மல்கியா 3:10 தான் உண்டு. "வானத்தின் பலகணிகளைத் திறந்து" என்ற வசனம் மாதச் சம்பளம் வரும் முதல் ஞாயிறில் தவறாமல் வரும். பி.எஃப். பிடிப்பதற்கு முந்தின சம்பளத்தில் பத்தில் ஒன்றா, கைக்கு வந்ததிலா என்று வீட்டில் நடக்கும் விவாதத்தைத் தனியாகவே எழுதலாம்.

அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில், காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவது ஜாலியான விஷயம். ஒரு தரம், ரெண்டு தரம் என்று போய் ஒற்றை எலுமிச்சம்பழம் மூவாயிரத்துக்கு நிற்கும். எடுத்தவர் அதை மறுபடியும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். கொடுக்கிற மனசு பாதி, அடுத்த தெருக்காரரை விட்டுவிடக் கூடாது என்ற வீம்பு பாதி. வருஷத்துக்கு ஒரு நாள் சரி, இதை நம்பிக் கோவில் நடத்த முடியாது.

தசமபாகத்தில் ஒரு நியாயம் இருப்பதை ஒத்துக்கொள்கிறேன். வருமானம் இல்லாத மாதம் பூஜ்யத்தில் பத்தில் ஒன்று பூஜ்யம்தான். சங்கம் அப்படி விடாது, பாக்கி ஏறிக்கொண்டே போகும். சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு ஓலை (கோவிலில் படிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும். நாலு வருஷப் பாக்கி, மாதம் ஐம்பது வீதம் 2,400 ரூபாய். கட்டினால்தான் முதல் ஓலை என்றார்கள். சித்தப்பாவுக்கு அப்போது பனை ஏறி விழுந்து கால் ஒடிந்திருந்த காலம். அப்பா கட்டினார். அந்த ரசீதைச் சித்தப்பா கடைசிவரை கையால் தொடவில்லை.

இவ்வளவு தெரிந்தும் ஏன் சங்கம்? அந்த ரசீதுக்காகத்தான்.

திருப்பூர் சபையில் ஊரடங்குக்குப் பிறகு வாசலில் க்யூஆர் அட்டை ஒட்டினார்கள். முதல் தடவை ஸ்கேன் செய்தபோது திரையில் சபையின் பெயர் வரவில்லை, போதகரின் மனைவி பெயர் வந்தது. நல்ல மனுஷி, என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவந்து தருவார். அவர் எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐந்து வருஷத்தில் வரவு செலவு என்று ஒரு தாளை நான் அங்கே பார்த்ததில்லை. ஒருமுறை கேட்டதற்கு, "கர்த்தருக்குக் கொடுத்துவிட்டு மனுஷனிடம் கணக்குக் கேட்கலாமா?" என்றார் போதகர். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அடுத்த மாதம் அந்த அட்டைக்கு நேராக போனைத் தூக்கவும் கை வரவில்லை.

இங்கே சங்கம் கட்டினால் சபைத் தேர்தலுக்கான ஓட்டர் லிஸ்டில் பெயர் உண்டு. சபைக் கூட்டத்தில் கணக்கை வாசிப்பார்கள். போன கூட்டத்தில் ஜெனரேட்டர் டீசலுக்கு எழுதியிருந்த தொகையைப் பற்றி எழுந்து கேட்டேன். பொருளாளர் முகம் சுளித்தார், ஆனாலும் பில்லை எடுத்துக் காட்டினார். கூட்டம் முடிந்து வெளியே என்னோடு பேசவில்லை, அது வேறு கதை. திருநெல்வேலியில் 1903-ல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்கள் இந்திய ஆட்கள், இந்தியப் பணம் என்பதோடு இந்திய நிர்வாகம் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். பணம் கொடுப்பவனுக்கு நிர்வாகத்திலும் பேச்சு உண்டு என்றுதான் அதை நான் எடுத்துக்கொள்கிறேன். திருமண்டலத் (பல சபைகள் சேர்ந்த மறைமாவட்டம்) தேர்தல்களும் அவற்றைச் சுற்றிய வழக்குகளும் ஊரறிந்தவை. இருந்தாலும் வழக்குப் போடவும் ஒரு கணக்குப் புத்தகம் இருந்தாக வேண்டுமே!

கத்தோலிக்கர் விஷயத்தில் நான் உறுதியாகப் பேச முடியாது. குமரிக் கடற்கரையில் குடும்பத்துக்கு இவ்வளவு என்ற தலைக்கட்டு வரியும், மீன்பாட்டில் (பிடிபட்ட மீனில்) கோவிலுக்கு ஒரு பங்கும் உண்டு என்பது நண்பர்கள் வழியாகத் தெரியும். கட்டிப் பார்த்த அனுபவம் எனக்கு இல்லை.

எல்லாவற்றிலும் மனசுக்குப் பிடித்தது பாட்டியின் கலயம். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அதில் விழும். சனிக்கிழமை சாயங்காலம் கோவிலுக்குப் போகும். மிசோரமில் இதே பிடியரிசி, 'புஃபாய் தாம்' என்ற பெயரில் நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. அங்கே சபைகளுக்குக் கணிசமான வருமானம் தரும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. கேஸ் அடுப்பும் குக்கரும் வந்த என் வீட்டில் அது நடக்குமா, தெரியவில்லை.

இப்போது மாதம் முந்நூறு சங்கம், ரசீதோடு. ஞாயிறு காணிக்கைப் பையில் போடுவது பெயரில்லாமல். மனைவி மட்டும் இன்னும் பத்தில் ஒன்றை எண்ணி ஓர் உறையில் போட்டு, கேழ்வரகு டப்பாவுக்கு அடியில் வைக்கிறாள். அது எங்கே போகிறது என்று நான் கேட்பதில்லை.